என்ன சரி?

புகாரம்மாவின் பிழைப்பே 'சரி' என்ற ஒரு சொல்லில்தான் ஓடியது. குடிநீர் வாரிய அலுவலகத்தின் புகார் பிரிவில் இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை என்றால் சரிங்க, வந்த தண்ணீர் நாறுகிறது என்றால் சரிங்க, குழாய் வெடித்துத் தெருவே குளமாகிவிட்டது என்றாலும் சரிங்க என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே புகாரம்மா என்று ஆகிவிட்டது. அந்தச் சரிக்குள் ஒன்றும் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் அதைக் காதால் கேட்காமல் ஒருத்தரும் போனை வைக்கமாட்டார்கள். புகாரை எழுதி உள்ளறைக்கு அனுப்புவாள். உள்ளறை அதை என்ன செய்கிறது என்பது உள்ளறைக்கே வெளிச்சம்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ, யார் 'சரி' என்று வாயைத் திறந்தாலும் அடுத்த நொடியே "என்ன சரி?" என்று மடக்குகிற ஆள். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? புகார் கொடுக்கலாம் என்றால் புகாரை வாங்குகிறவளே அவள்தான்.

அவர் பட்டாளத்தில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மழை வருகிறது, சன்னலைச் சாத்து என்பார். அவள் சமையலறையிலிருந்து சரி என்பாள். போச்சு. என்ன சரி, மழை வருவது சரியா, சன்னலைச் சாத்துவது சரியா, எந்தச் சன்னல், இப்போதா அப்புறமா என்று வாசற்படியில் வந்து நிற்பார். சமையலறைச் சன்னலை இப்போதே சாத்துகிறேன் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுசாக ஒப்பித்தால்தான் நகர்வார். அதற்குள் மழை உள்ளே வந்து அடுப்பை அணைத்திருக்கும்.

கல்யாணம் ஆகிப் போன மகள், அப்பாவிடம் பேசி முடித்ததும் சரிப்பா என்று சொல்லாமலே போனை வைக்கப் பழகிவிட்டாள். கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் அவரைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொள்வார். தெருவில் அவருக்கு 'என்ன-சரி' என்றே பெயர். லிஃப்ட் மெக்கானிக்தான் பாவம், விவரம் தெரியாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டான். நாளைக்குச் சரி பண்ணிவிடுகிறேன் சார் என்று சொல்லித் தொலைத்தான். எதை, யார், எத்தனை மணிக்கு, எந்தச் சாமான் போட்டு என்று அவர் பிடித்த பிடியில், அவன் அந்தக் கட்டடத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. லிஃப்ட் அன்று நின்றது நின்றதுதான். நாலாவது மாடியில் குடியிருப்பவர்கள் யார்? புகாரம்மாவும் அவள் கணவரும்தான்.

கல்யாணப் பேச்சின்போதே இந்தக் கூத்து நடந்தது. இரண்டு வீட்டாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை அவளிடம் நேராகவே சம்மதமா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். "என்ன சரி?" என்றார். பெரியவர்கள் சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. அவர் சிரிக்கவில்லை. கடைசியில் அத்தனை பேர் முன்னாலும், உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு முழுச் சம்மதம் என்று அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. அன்றைக்கே எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

இந்த வியாதி எங்கே பிடித்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது வயர்லெஸ்காரர். அவரும் அதே படையில் இருந்தவர், இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். சார்ஜென்ட் எதையாவது வாங்கக் கடைக்குப் போகிற சமயம் பார்த்து, புகாரம்மாவிடம் அந்த மலைக் கதையைச் சொல்வார். போன வருஷமும் சொன்னோமே என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. அவளுக்கு எரிச்சலாக வரும். இருந்தாலும் ஒருமுறைகூட நிறுத்தச் சொன்னதில்லை.

அது புல்கூட முளைக்காத உயரம். தண்ணீர் கொதிக்கும், அரிசி வேகாது. நாலு எட்டு வைத்தால் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். அப்படிப்பட்ட ஓர் உச்சியில் எதிரி பதுங்குகுழி போட்டு உட்கார்ந்துகொண்டு, கீழே சாலையில் எது நகர்ந்தாலும் சுட்டுக்கொண்டிருந்தான். அந்த உச்சியைப் பிடிக்கப் போன கூட்டத்தில் கேப்டன் முதல் நாளே குண்டடி பட்டு விழுந்தார். மிச்சமிருந்தவர்களை நடத்துகிற பொறுப்பு சார்ஜென்ட் தலையில் வந்து விடிந்தது.

மறுநாள் செங்குத்தான ஒரு பனிச்சுவரைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொருவனிடமும் கயிறு கட்டிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே போனார். கூட்டத்திலேயே மலையேற்றத்தில் கெட்டிக்காரன் மிஷின்கன்காரன். அவன் சரி என்றான். அவனுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று இவரும் அடுத்தவனிடம் போய்விட்டார். கட்ட வேண்டிய கயிறு அவன் காலடியில் சுருட்டினபடியே கிடந்தது. காற்று போதாமல் போனால் முதலில் கெடுவது மூளைதான். எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடும், வாய் தானாகச் சரி சொல்லும், கேட்டது உள்ளே போயிருக்காது. அவன் சறுக்கியபோது கத்தக்கூட இல்லையாம்.

அதற்கடுத்த நாள் காலையில் கீழே இருந்து மேலதிகாரி வயர்லெஸ்ஸில் வந்தார். உடனே ஏறு, ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, புரிகிறதா என்றார். பேசும் கருவியைச் சார்ஜென்ட் வாயருகே பிடித்திருந்தவர் இந்த வயர்லெஸ்காரர்தான். அந்த இடத்தில் எந்தச் சார்ஜென்டும் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். அவர் அதைச் சொல்லவில்லை.

"நீங்க சொன்னது புரிஞ்சுது. என் ஆளுங்களுக்கு மூச்சு இல்ல. மூச்சு வந்ததும் ஏறுவோம். அதுக்கு முன்னாடி ஏற மாட்டோம்."

கீழே இருந்தவர் கோழை என்றார், விசாரணை வைத்துத் தொலைத்துவிடுவேன் என்றார். சார்ஜென்ட் கருவியைக் கையால் தள்ளிவிட்டு, ஒரு பாறை மறைவில் எல்லாரையும் உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, இவர் வயிற்றால் ஊர்ந்து ஒவ்வொருவனிடமாகப் போய், நீ என்ன செய்யப் போகிறாய், உனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று கேட்கிறார். சரி என்று சொன்னவனைப் பார்த்து என்ன சரி என்றார். அந்தக் கேள்வி பிறந்தது அங்கேதான். முழுசாகச் சொல்ல முடியாதவர்களைத் துணையோடு கீழே அனுப்பினார். ஒவ்வொருவனுடைய முடிச்சையும் தன் கையாலேயே இழுத்துப் பார்த்தார்.

நண்பகலில் பனிமேகம் வந்து உச்சியை மூடியது. எவனும் ஏறமாட்டான் என்று எதிரி காவல் போடாத பக்கமாக, பனிக்கோடரியால் படி வெட்டிக்கொண்டு அவரே முதலில் ஏறினார். திருப்பத்துக்குத் திருப்பம் எல்லாரையும் உட்கார வைத்தார். சுடுகிற இடத்தில் உட்காரச் சொன்ன தலைவரை நான் அவர் ஒருத்தரைத்தான் பார்த்தேன் என்பார் வயர்லெஸ்காரர். உச்சியை அடைந்தபோது அவர்களிடம் ஓடுவதற்கு மூச்சு மிச்சம் இருந்தது. குழிக்குள் முதலில் குதித்தவரும் அவர்தான், கையில் குண்டு துளைத்தும் நிற்கவில்லை. மாற்றுப் படை வரும்வரை அந்த உச்சியைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்துக் கடைசி ஆளாக இறங்கினார். அன்று மேலே அழைத்துப் போனவர்களில் ஒருத்தரைக்கூட அவர் அங்கே விட்டுவிட்டு வரவில்லை.

பதக்கம் வந்தது. நுரையீரல் போனது. இந்த இடத்தில் வயர்லெஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். சார்ஜென்ட் கடையிலிருந்து திரும்பி, ஏன் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பார். ஒன்றுமில்லை, சரி, கை கழுவிவிட்டு வாருங்கள் என்று இவள் சொல்வாள். என்ன சரி என்பார். வந்த அழுகை அப்படியே எரிச்சலாகிவிடும். வீரத்தை அந்த மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா, கை கழுவுவதற்கு அது எதற்கு என்று தோன்றும்.

நெஞ்சு டாக்டர் இரண்டே விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு மாடி ஏறக் கூடாது, கீழ்வீட்டுக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, சளி பிடித்தால் மூச்சு சத்தமில்லாமல் குறையும், அது அவருக்கே தெரியாது, பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான் கண்டுபிடித்து உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். நேரம் கடந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிற கருவி ஒன்றை வாங்கி வைத்தாள். சார்ஜென்ட் அதிலிருந்த பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டார். கடிகாரம் நின்றால் வீட்டுக்கே கஷ்டம், எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று எனக்குத் தெரியாதா என்றார். தெரியாது என்றுதானே டாக்டர் சொன்னார் என்று இவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கீழ்வீட்டு விஷயம் அதைவிட மோசம். தரைத்தளத்து வீடு காலியாகத்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மா, உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சார்ஜென்ட் மசியவில்லை. இங்கிருந்து பார்த்தால் தெருமுனை வரை தெரிகிறது, கீழே போனால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றார். பிடித்த உயரத்தை யாராவது சும்மா விட்டுக்கொடுப்பார்களா என்றார். தெருமுனையில் என்ன எதிரியா வரப்போகிறான், பால்காரன்தானே வருகிறான் என்று இவள் கத்தினாள். கெஞ்சினாள், பேசாமல் இருந்து பார்த்தாள், மகளை விட்டுச் சொல்லவைத்தாள். உலகத்தில் எல்லாரும் சுலபமாகச் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை அந்த மனுஷர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

அன்று விடுமுறை. நாலைந்து நாளாக அவருக்குச் சளியும் இருமலும். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் வீட்டுக்கார அம்மா புகாரம்மாவை வழிமறித்து, வேறொரு குடும்பம் கேட்கிறது, மத்தியானத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். அவள் படியேறி வரும்போதே பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு.

சார்ஜென்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் ஒன்றுமில்லை. தினமும் பாலிஷ் போடுகிற நேரம்தான்.

"இதோ பாருங்க, கடைசியா கேக்கறேன். கீழ்வீட்டுக்குப் போயிடலாமா?"

"சரி," என்றார்.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் மனசு மாறுவதற்குள் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பி, செருப்பை மாட்டி, தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே ஒன்றுமில்லாத சரி எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நாள் முழுக்க அவள் சொல்வதே அதுதான். இப்போது காதில் விழுந்ததும் அதுவேதான்.

திரும்பி வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். தன் வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கேள்வியை அவள் கேட்டாள்.

"என்ன சரி?"

"சரி."

"நான் என்ன கேட்டேன்? சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பார்வை அவள்மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. உதடு நீலம் பூத்திருந்தது. "சரி," என்று தலையை ஆட்டினார்.

டாக்டர் சொன்னது இதைத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்தப் பேட்டரியை நினைத்துக் கோபம், லிஃப்ட் மெக்கானிக்கை நினைத்துக் கோபம், இத்தனை வருஷம் கீழே இறங்காமல் அடம்பிடித்த மனுஷரை நினைத்து எல்லாவற்றுக்கும் மேலே கோபம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், சரிங்க, அனுப்பிடறோம் என்றது. அதே குரல், அதே சரி. தானே தன்னோடு பேசுவது மாதிரி இருந்தது.

"என்ன சரி?" என்றாள் புகாரம்மா. "வண்டி இப்ப எங்க நிக்குது, எப்ப வந்து சேரும்? அதைச் சொல்லுங்க."

அந்தப் பெண் தடுமாறி, யாரையோ விசாரித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். வண்டி ஊரின் மறுகோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாலத்தில் வேலை நடக்கிறது, சுற்றித்தான் வரவேண்டும். புகாரம்மா அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு அடுத்த தெருவிலிருந்த தம்பியைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், வேன் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். மாமாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாக இறங்கிவிடலாம் என்றான். சார்ஜென்ட் ஆள் ஆறடி, தம்பி அவர் நெஞ்சு உயரம். மாடிப்படியோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வீட்டின் உடைந்த பீரோவும் இன்னொரு வீட்டின் சைக்கிளுமாக அடைத்துக் கிடந்தது. ஒருத்தர் தடுக்கினால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். ஓடக் கூடாது என்றாள். பால்கனியில் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்து அவர் இடுப்பில் கட்டி, ஒரு முனையைத் தம்பியிடம் கொடுத்து, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றினாள். நீ அவருக்குக் கீழே நின்று தாங்கிக்கொண்டே இறங்கு, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார வைக்க வேண்டும், புரிகிறதா என்றாள்.

"சரிக்கா."

"என்ன சரி?"

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். "நான் கீழ, மாமா நடுவுல, நீ மேல. ஓட மாட்டேன். திருப்பத்துல உக்கார வைப்பேன்."

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். மூன்றாவது மாடியில் கதவுகள் திறந்தன. சூடாக ஏதாவது குடிக்கக் கொடு என்றது ஒரு கதவு, நெஞ்சில் தைலம் தடவு என்றது இன்னொன்று. தைலம் அப்புறம், முதலில் உங்கள் பீரோவை நகர்த்துங்கள் என்று அவள் போட்ட அதட்டலில் இத்தனை வருஷமாக நகராத பீரோ நகர்ந்தது. அவரை உட்கார வைத்து, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, பேசச் சொன்னாள். சரி என்றார். அடுத்த திருப்பத்திலும் அதே சரிதான். மருந்துக்கடைக்காரர் எதிரே ஏறிவந்து ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசித் திருப்பத்தில் சார்ஜென்ட் நின்றுவிட்டார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தம்பி இழுத்தான், மருந்துக்கடைக்காரர் விரல்களைப் பிரித்துப் பார்த்தார், அசையவில்லை. வாசல் கண்ணுக்குத் தெரிகிறது, வேன் கதவு திறந்திருக்கிறது, இந்த மனுஷர் இறங்கமாட்டேன் என்கிறார். இங்கேயுமா அடம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அவர் திரும்பி, படிகளுக்கு மேலே எதையோ தேடுவது போலப் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார்.

தம்பிக்குப் புரியவில்லை, வந்துவிட்டோம் மாமா, சரி சரி, வாங்க என்றான். சார்ஜென்ட் பிடியை இறுக்கினார். அவள் தம்பியை வாயை மூடச் சொல்லிவிட்டு, ஒரு படி இறங்கி, அவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எல்லாரும் இறங்கியாச்சு. மேல யாரும் இல்ல. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"கயிறு?"

"கட்டியாச்சு. நானே இழுத்துப் பாத்துட்டேன்."

அவர் கம்பியை விட்டார். இறங்கினார்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கையும் வாயையும் மூடிய ஆக்சிஜன் கவசத்தோடு படுத்திருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நர்ஸ் வந்து குழாயைத் திருகிவிட்டு, பயப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும் என்றாள்.

கவசத்துக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. "என்ன சரியாயிடும்?"

நர்ஸ் திடுக்கிட்டுப் போனாள். அவர் அப்படித்தான், நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று புகாரம்மா சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்குப் போகிறோம், வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியாயிற்று, நீங்களே சரி என்று சொன்னீர்கள் என்றாள்.

நானா, சரி என்றா, சொல்லியிருக்கவே மாட்டேன் என்றார். சொன்னீர்கள் என்றாள். அதற்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டார். என்ன சரி என்று கேட்டேன் என்றாள். அவர் கவசத்தைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார்.

"கீழ்வீட்டுக்குப் போறோம். சாமான் இறக்கற ஆளுங்களை ஓட விடாத. திருப்பத்துக்குத் திருப்பம் உக்கார வை."

"சரி," என்றாள் பழக்கதோஷத்தில். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, வரப்போகும் கேள்விக்குக் காத்திருந்தாள். வரவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். அவளுக்குத் திக்கென்றது. எழுந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, ஏன் கேக்கல?"

"எதை?"

"என்ன சரின்னு ஏன் கேக்கல?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உன்னை எதுக்குக் கேக்கணும்? நீ முடிச்சை இழுத்துப் பாக்கற ஆளு."

கவசத்தைப் பழையபடி மாட்டிக்கொண்டு அவர் தூங்கிப்போனார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினது போதாதென்று, இன்றைக்குக் கேட்காமல் உயிரை வாங்குகிறாரே என்று அந்த வார்டுக்கே கேட்கும்படி திட்டினாள்.